காகிதத்தில் வந்த கால்

என் பேச்சு நீண்டால் நிறுத்துவதற்கென்றே மணியைக் கையருகே வைத்திருக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, வீட்டு வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, நூலக வாசகர் வட்டத்து நண்பர்களே, வணக்கம்.

நான் எழுத்தாளன் அல்லன், அறிஞன் அல்லன், பதினெட்டு ஆண்டுகளாகச் செருப்புக்கடை விற்பனையாளன். "இவருக்கு நாவலப் பத்தி என்ன தெரியும்?" என்று மூன்றாவது வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். நியாயமான கேள்வி. எனக்குக் கால் தெரியும் ஐயா. இன்று நான் பேச வந்த இந்த நாவலே ஒரு காலைப் பற்றியதுதான்.

நிறம் பார்த்து மனிதரைப் பிரித்து வைத்த ஒரு நகரம். பள்ளி வேறு, பாதை வேறு, பருகும் குழாய் வேறு. அங்கே ஒரு சலவைக்காரத் தாய் மகளுக்கு ஷூ வாங்கப் போகிறாள். அவள் பணம் கடைக்குள் வரலாம். மகளின் கால் ஷூவுக்குள் நுழைந்து பார்க்கக் கூடாது. காகிதத்தில் வரைந்து வா என்கிறார்கள். தாய் மகளை நிறுத்திப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுக்கிறாள். மகள் கூச்சத்தில் சிரிக்கிறாள். சிரித்து முடித்துக் கேட்கிறாள்: "அம்மா, இந்தக் காகிதத்த மட்டும் உள்ள விடுவாங்களா?"

ஆசிரியர் அழுதாரா? இல்லை. நம்மை அழச் சொன்னாரா? இல்லை. அநீதி என்ற சொல்லையாவது எழுதினாரா? தேடினேன், இல்லை. அந்தக் கடைக்காரன்கூட மரியாதையாகத்தான் பேசுகிறான். கொடியவன் ஒருவன் இருந்திருந்தால் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்பேன். என்னைப் போலவே ஒருவன் அங்கே நின்றான். அதனால்தான் புத்தகத்தை மூட முடியவில்லை.

எங்கள் கடையைப் பெருக்கித் துடைக்கும் அம்மா ஒருவர். மகளுக்கு ஷூ வாங்கும்போதெல்லாம் காகிதத்தில்தான் அளவு கொண்டுவருவார். நாவலை முடித்த மறுநாள் கேட்டேன்: "ஏம்மா, பொண்ணக் கூட்டிட்டு வரவே மாட்டேங்கிறீங்க?"

கை வேலையை நிறுத்தாமல் சொன்னார்: "மொத தடவ வந்தா சார். 'கால கழுவிட்டு வந்து போடு'ன்னு நீங்கதான் சொன்னீங்க. பக்கத்துல ரெண்டு பிள்ளைங்க மண்ணுக் காலோட ஷூ போட்டுப் பாத்துட்டு இருந்துச்சு. அதுங்கள ஒண்ணும் சொல்லல. அப்புறம் அவ வரமாட்டேன்னுட்டா."

எனக்கு அது நினைவில்லை. அவளுக்கு நினைவிருக்கிறது.

தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். காகிதம் நீள அகலம் சொல்லும். பாதத்தின் மேல்மேடு எவ்வளவு உயரம் என்பதைச் சொல்லாது. அப்படி வாங்கும் ஷூ கடிக்கும். தெரிந்தே மூன்று ஆண்டுகள் கொடுத்தேன்.

மகளை அழைத்து வரும்படி அந்த அம்மாவிடம் மூன்று முறை கேட்ட பிறகு அந்தப் பெண் வந்தாள். நாற்காலியில் அமர்த்தி, கீழே உட்கார்ந்து அளவெடுத்தேன். பாதத்தின் மேலே காய்த்துப் போன தழும்பு.

"வலிச்சா மாத்தித் தந்திருப்பேனேம்மா?"

"மாத்தணும்னா கடைக்கு வரணுமே சார்."

மேல்மேட்டையும் சேர்த்து அளந்து, அளவு சரியான ஷூவை எடுத்துக் கொடுத்தேன்.

அன்பர்களே, கண்ணீர் வரவழைக்க வெங்காயம் போதும். என்னைக் கேள்வி கேட்க வைக்க இந்த நாவல் வேண்டியிருந்தது. படியுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அழுது முடித்ததும் உங்கள் கடையில், உங்கள் அலுவலகத்தில், உங்கள் வீட்டு வாசலில், யாருடைய கால் வராமல் காகிதம் மட்டும் வருகிறது என்று பாருங்கள்.

தலைவரின் கை மணிக்குப் போய்விட்டது. பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கும், இரண்டாவது வரிசையில் சரியான அளவு ஷூவோடு அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கும் என் நன்றி, வணக்கம்.