வரவேற்பு விழா இனிதே நிறைவுற்றது

– யன்னலைச் சாத்தும் எண்டு சொன்னனான், சுரேகா.

– சாத்தினா அவையள் இல்லாமல் போயிடுவினமோ, ரஜிதன்? நீர் வந்து பாரும். முதலாம் வருசப் பிள்ளையள் முன் ரோட்டால வருகினம்.

– பாத்தது காணும்.

– ஒருத்தி தலையை விரிச்சு விட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் ரெட்டைப் பின்னல், கணுக்கால் முட்டப் பாவாடை, நூலகத்துக்குப் பின்னால இருக்கிற சேத்துப் பாதை. இண்டைக்கு முதிரை மரங்களுக்குக் கீழால கையை வீசிக்கொண்டு நடக்கிறாள்.

– அவளைப் பாக்காதையும். அவளுக்குப் பின்னால மதகில இருக்கிறவங்களைப் பாரும்.

– ஆர், மூண்டாம் வருசமோ?

– தர்ஷன் அண்ணாவும் ஆக்களும். சிரிச்சுக்கொண்டு இருக்கிறாங்கள். அவங்கள் கத்தினாப் பரவாயில்லை. சிரிச்சாத்தான் எனக்குப் பயம்.

– ஐயோ சாமி. எல்லாம் நாங்கள் போட்ட செய்தியாலதானே?

– கதவு பூட்டியிருக்கோ?

– பூட்டியிருக்கு. மூண்டு தரம் கேட்டுட்டீர். நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லும்.

– ஓம், எங்கட செய்தியாலதான். கம்பஸின்ர இணையப் பக்கத்தை நாங்கள் ரெண்டு பேரும்தானே பாக்கிறம், வேற ஆரிலை பழியைப் போடுறது? மெல்லக் கதையும்.

– திரும்ப ஒருக்கால் வாசியும். நான் பிழையா விளங்கியிருக்கலாம்.

– பத்துத் தரம் வாசிச்சாச்சு. வரும் நிகழ்வுகள்: வாணி விழா. இரத்ததான முகாம். விவசாய பீடத்தின்ர விதைப்பு நாள். ஆய்வரங்கு. கார்த்திகை மாத மரநடுகை. அவ்வளவுதான்.

– வாணி விழாவுக்குப் பிறகு ஒரு வரி இருந்தது. 'புதுமுக மாணவர் வரவேற்பு விழா, திகதி பின்னர் அறிவிக்கப்படும்.' நான் என்ர கையால தட்டினனான்.

– இப்ப அது அங்க இல்லை. மற்றப் பக்கத்தில 'நடந்து முடிந்தவை'க்குள்ள நிக்குது. 'புதுமுக மாணவர் வரவேற்பு விழா இனிதே நிறைவுற்றது.' மேல பீடாதிபதி குத்துவிளக்கு ஏத்துற படம்.

– அது பதிவு நாளில எடுத்த படம்!

– படத்துக்குத் திகதி தெரியுமோ?

– முடிஞ்ச எல்லாத்துக்கும் நாங்கள் ஒரே வசனம்தானே வைச்சிருக்கிறம். இடத்தை மாத்தினாக் காணும், 'இனிதே நிறைவுற்றது' தானா வந்து ஒட்டிக்கொள்ளும். பேராசிரியரின்ர இரங்கல் கூட்டத்துக்கும் அப்பிடி வந்து நாங்கள் பேச்சு வாங்கினது நினைவிருக்கோ?

– இருக்கு.

– அப்ப நான்தான் இழுத்து மற்றப் பக்கம் போட்டிருக்கிறன். சனிக்கிழமை காய்ச்சலோட இருந்து தட்டினனான். தலை சுத்திக்கொண்டு இருந்தது. கடைசியாத் தொட்டது நான்தானே, ரஜிதன்?

– இப்ப அதையேன் கேக்கிறீர்?

– கேக்காமல்? வெல்கம் வைக்கிற வரைக்கும் ராகிங், வைச்சாப் பிறகு ஒருத்தன் தொடக்கூடாது. இதுதானே இவங்கட சட்டம். திகதி வைக்கிறதும் இவங்கள்தான். போன வருசம் எங்களுக்கு மார்கழி வரைக்கும் இழுத்தவங்கள். அது வரைக்கும் நாங்கள் மனிசரில்லை. வைச்ச அண்டு பின்னேரமே அதே அண்ணாமார் எங்களுக்குக் கன்ரீனில ரீயும் றோல்சும் வாங்கித் தந்தவை.

– ரூபனுக்கு வாங்கிக் குடுக்கேல்லை.

– எங்கட வகுப்பு ரூபனோ? அவன் அப்ப கம்பஸை விட்டுட்டானே.

– ஓம். இவங்கள் அடிச்ச அடிக்குப் பிறகு விட்டுட்டான். முள்ளியவளையில உழவு மெஷின் ஓடுறான். வலப்பக்கத்தால கூப்பிட்டால் திரும்பிறானில்லை. நான் போன மாதம் கூப்பிட்டுப் பாத்தனான். தாய் சொன்னா, இடப்பக்கம் வாங்கோ தம்பி, வலக் காது அவனுக்குக் கேக்காது எண்டு.

– நீர் போனதை எனக்குச் சொல்லேல்லையே.

– என்னத்தைச் சொல்ல? அந்தக் கதையை விடும். செய்திக்குக் கீழ ஆக்கள் எழுதியிருக்கிறதைப் பாத்தனீரோ?

– இல்லை. பாக்கப் பயமாயிருக்கு.

– சீனியர்மார் ஒருத்தரும் எழுதேல்லை. தாய் தகப்பன்மார்தான். கணபதி எண்டு ஒருத்தர், முள்ளிவாய்க்கால். 'அனோஜாவுக்கு வரவேற்பு முடிஞ்சுது எண்டு பாத்தோம். அவளின் அம்மா இண்டைக்குத்தான் ஒழுங்காச் சாப்பிட்டா. நன்றி.'

– கடவுளே.

– பதிவாளர் கந்தோரும் தங்கட பக்கத்தில பகிர்ந்திட்டுது. இனிக் கம்பஸே சொன்ன மாதிரித்தான்.

– கம்பஸ் சொன்ன மாதிரி இருந்தால் என்ன? ராத்திரி விடுதியில கதவைத் தட்டுறது கம்பஸோ? ஒரு திருத்தம் போடுவம், ரஜிதன். 'தவறுக்கு வருந்துகிறோம்.' ரெண்டு வரி.

– வேண்டாம்.

– ஏன்?

– இப்ப வேண்டாம். பின்னேரம் பாப்பம். சிக்னலும் இல்லை.

– உம்மட போனில முழுசா நிக்குது.

– சுரேகா, நான் சொல்லுறதைக் கேளும். பின் படியால இறங்கி நீர் பஸ்ஸுக்குப் போம். உம்மட வீட்டில, ஸ்கந்தபுரத்தில ரெண்டு நாள் நில்லும். காய்ச்சல் எண்டு சொல்லுவம். உமக்குக் காய்ச்சல் வந்தது உண்மைதானே.

– நீர்?

– நான் பிறகு வாறன்.

– எனக்காண்டி நீர் இருந்து அடி வாங்கப் போறீரோ? உமக்கு மதகில அவங்கள் சிரிக்கவே வேர்க்குது.

– வேர்க்குதுதான். அதாலதான் சொல்லுறன், போம்.

– ஆரோ படியேறி வருகினம்.

– சத்தம் போடாதையும்.

– திறவுங்கோ பிள்ளையள். தர்ஷன். சும்மா கதைக்கத்தான்.

– ரஜிதன், என்ன செய்யிறது?

– மூச்சு விடாதையும்.

– தம்பி ரஜிதன், ஃபான் சுத்துற சத்தம் வெளியில கேக்குது. ஃபான் தன்பாட்டில சுத்தாதெல்லோ. கதவை உடைச்சால் நாளைக்கு அதுக்கும் ஒரு செய்தி போடுவியள், 'இனிதே உடைக்கப்பட்டது' எண்டு. திறவுங்கோ.

– நான் திறக்கிறன்.

– சுரேகா, வேண்டாம்.

– திறக்காட்டி இதைவிடப் பெரிசா வரும்… வாங்கோ தர்ஷன் அண்ணா.

– இருங்கோ, இருங்கோ. ஏன் எழும்பிறியள்? நாங்களெல்லாம் ஒரு குடும்பம். நல்ல செய்தி ஒண்டு பாத்தன், வாழ்த்திட்டுப் போவம் எண்டு வந்தனான். எங்கட வெல்கம் முடிஞ்சுதாம். நான்தான் அதுக்குப் பொறுப்பு. எனக்கே தெரியாது. சாப்பாடு எப்பிடி?

– அண்ணா, அது பிழையா…

– சாப்பாட்டைக் கேட்டனான், தங்கச்சி. புரியாணியோ?

– என்ர பிழை அண்ணா. காய்ச்சலில இடம் மாறிப் போட்டுட்டன்.

– உண்மையாவோ?

– ஆமா அண்ணா.

– 'ஆமா'வோ? எந்த ஊர்?

– ஸ்கந்தபுரம்.

– அதுக்கு முதல்?

– நான் அங்கதான் பிறந்தனான் அண்ணா. அப்பாவும் அங்கதான். தாத்தா மலைநாட்டில, பதுளையில இருந்து வந்தவர்.

– அதுதானே பாத்தன். மூண்டு தலைமுறையா இரணைமடுத் தண்ணி குடிச்சும் வாயில 'ஓம்' வரேல்லை. பரவாயில்லை, நாங்கள் பழக்கிறம்.

– அண்ணா, அவவை விடுங்கோ.

– உன்னட்டை இன்னும் வரேல்லை, தம்பி. கேளுங்கோ ரெண்டு பேரும், ஒரு பகிடி சொல்லுறன். காலமை மண்டபம் எடுக்கக் கந்தோருக்குப் போனன். வெல்கத்துக்கு எண்டன். அங்க இருக்கிற ஐயா கண்ணாடியைக் கழட்டிப்போட்டுச் சொல்லுறார், 'அது முடிஞ்சுதே தம்பி, முடிஞ்ச விழாவுக்கு எதுக்கு மண்டபம்?' எண்டு. எனக்குப் பின்னால நிண்ட முதலாம் வருசப் பெடியன் சிரிச்சவன். எனக்கு முன்னால. சத்தமா.

– அவன் தெரியாமல் சிரிச்சிருப்பான் அண்ணா.

– தெரிஞ்சுதான் சிரிச்சவன். நேற்று வரைக்கும் என்னைக் கண்டால் நிலத்தைப் பாத்தவன். சரி, அதை விடுவம். இப்ப தங்கச்சி திருத்தம் ஒண்டு போடுவா. 'வரவேற்பு விழா இன்னும் நடைபெறவில்லை. திகதி பின்னர்.' கம்பஸ் பக்கத்திலயே வந்திட்டால் ஒருத்தரும் வாய் திறக்கேலாது. நான் ஒருத்தரையும் அடிக்கப் போறதில்லை. அந்தக் காலம் போச்சு. இப்ப எல்லாரிட்டையும் போன் இருக்கு.

– அப்ப இண்டைக்கு முன் ரோட்டால வந்த பிள்ளையளை என்ன செய்வீங்கள்?

– மழை கறுத்துக்கொண்டு வருகுது. மழைக்குள்ள பின் பாதை வடிவாயிருக்கும். முழங்காலில போனால் இன்னும் வடிவு. முன்னால வந்தவை எல்லாரும் பின்னால ஒருக்கால் போய் வரட்டும்.

– தலையை விரிச்சுக்கொண்டு போன அந்தப் பிள்ளையுமோ?

– முள்ளிவாய்க்கால் பிள்ளை. அனோஜா. பேர் எடுத்தாச்சு.

– அண்ணா, பீடாதிபதியிட்டக் கேக்காமல் நாங்கள் ஒண்டும் போடேலாது.

– முதல் போட்டதை அவரிட்டக் கேட்டே போட்டனியள், ரஜிதன்?

– இல்லை.

– பிறகென்ன? தங்கச்சி, கதிரையில இரும்.

– இராதையும், சுரேகா.

– என்ர தோளில இருந்து கையை எடும், ரஜிதன். நான்தானே பிழை விட்டனான், நான்தானே திருத்த வேணும்.

– அந்தத் தகப்பன் எழுதினதை வாசிச்சனான்தானே உமக்கு.

– வாசிச்சனீர். எனக்கும் ஒரு தகப்பன் இருக்கிறார். ஆண்டியப்பன். தோட்டம் கொத்துறார். வீட்டில இருந்து கம்பஸுக்கு வந்த முதல் பிள்ளை நான். விடுதியில என்ர கட்டில் கதவுக்குப் பக்கத்தில. சீனியர் அக்காமார் தட்டினால் முதல் எழும்புறது நான்தான். நான் என்ன செய்ய? சொல்லும், என்ன செய்ய?

– வடிவாச் சொன்னீர் தங்கச்சி. புத்தியுள்ள பிள்ளை. தட்டும்.

– அண்ணா, ரெண்டு நாள் தாங்கோ. வாணி விழா முடியட்டும். நானே வந்து போடுறன்.

– ரஜிதன், நீ ஏன்ரா இவ்வளவு துடிக்கிறாய்? உன்ர ஆரும் அந்தப் பிள்ளையளுக்குள்ள இருக்கினமோ?

– இல்லை அண்ணா. ஒருத்தரும் இல்லை.

– அப்ப வாயைப் பொத்திக்கொண்டு நில். தங்கச்சி, என்ன வருகுது?

– உள்ள போகுதில்லை அண்ணா. பாஸ்வேர்ட் பிழை எண்டு காட்டுது.

– திரும்ப அடியும்.

– அடிச்சிட்டன். பிழை.

– ஆறுதலா, ஒவ்வொரு எழுத்தா.

– இதேதான் அண்ணா. இந்தப் பக்கம் தொடங்கின நாளில இருந்து இதேதான். சத்தியமா.

– விளையாடாதையும்.

– இல்லீங்க அண்ணா, சாமி சத்தியமா இல்லீங்க…

– மலைநாடு முழுக்க வெளியில வருகுது இப்ப. எனக்கு முன்னால இருந்து என்னை மடையனாக்கப் பாக்கிறீர், என்ன? போனைத் தாரும். எழும்பும். ரஜிதன், கதவைச் சாத்து.

– சாத்தமாட்டன்.

– என்ன சொன்னனீ?

– கதவைச் சாத்தமாட்டன் அண்ணா. அவவின்ர போனைத் திருப்பிக் குடுங்கோ. அவவுக்குத் தெரியாது.

– என்ன தெரியாது?

– புதுப் பாஸ்வேர்ட். காலமை நான் மாத்திப்போட்டன்.

– ரஜிதன்! என்ன கதைக்கிறீர்?

– நீ? நீ மாத்தினனீ? என்னைக் கண்டால் வழி மாறிப் போறவன் நீ.

– ஓம் அண்ணா. சனிக்கிழமை சுரேகா எழும்பிப் போன பிறகு, வரவேற்பைத் தூக்கி 'நடந்து முடிந்தவை'க்குள்ள போட்டதும் நான்தான்.