ரோபோவுக்குள் ஒரு அண்ணன்

— இந்த வரிய நான் பேச மாட்டேன், ஹைதர் அண்ணே.

— ஏன் லா சுஹானா? நல்லாத்தானே எழுதியிருக்கேன்.

— நல்லாவா? பன்னெண்டு எபிசோடா இந்த ஜப்பான் கார்ட்டூன்ல மியோ, கென்ஜி பின்னாடியே ரோபோவ ஓட்டிக்கிட்டு அலையிறா. கை ஒடிஞ்ச ரோபோவோட போயி அவன் உயிரக் காப்பாத்துறா. கடைசியில ரெண்டு பேரும் ஒரே காக்பிட்டுல மாட்டிக்கிட்டப்பதான் வாயத் தொறந்து உன்ன எனக்குப் புடிக்கும்னு சொல்றா. நீங்க தமிழ்ல என்ன எழுதியிருக்கீங்க? "நீங்க என் கூடப் பொறந்த அண்ணன் மாதிரி." அநியாயமா இல்ல?

— சபார் லா, கொஞ்சம் பொறு. மொத எபிசோடுலேருந்து அவன அண்ணேன்னுதானே கூப்பிடுறா? இப்பப் போயி காதல்னா பாக்குறவங்க காறித் துப்புவாங்க. எங்க உம்மாவே நம்ம சேனல் பாக்குறாங்க.

— ஜப்பான்காரி பேரச் சொல்லித்தான் கூப்பிடுறா. அண்ணேன்னு போட்டது நீங்க.

— மூத்தவன பேரு சொன்னா மரியாதையாவா இருக்கும்? நம்ம ஊருல கடையில தே தாரேக் டீ ஆத்துறவரையும் அண்ணேங்கிறோம்.

— அவர யாரும் காக்பிட்டுல கட்டிப் புடிக்கிறதில்ல.

— கிண்டலா?

— கிண்டல் இல்ல, வயிறு எரியுது. அவ்வளவு பெரிய இரும்ப ஓட்டுற பொண்ணு, மனசுல இருக்கிற ஒரு வார்த்தையச் சொல்ல நீங்க விட மாட்டேங்கிறீங்க. ஏர்கானாச்சும் போடுங்க, கெரேட்டா கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டுட்டு உள்ள வேகுது.

— போட்டா மைக்குல சத்தம் விழும் லா. ஃபிளாட்டுல சத்தம்னுதானே கார் பார்க்குக்கு வந்தோம்.

— அந்த அஞ்சாவது எபிசோடு. அவ ஆசையா சாப்பாடு கட்டிக்கிட்டு வர்றா, அவன் அத மெக்கானிக்குகிட்ட நீட்டிட்டு ரோபோவுக்கு எண்ணெய் போடப் போயிடுறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. குரல் குடுத்த எனக்குச் சிரிப்பே வரல.

— காமெடி சீன் லா அது.

— போன வாரம் உங்களுக்குன்னு நான் வாங்கிட்டு வந்த பசம்போர் யாரு சாப்பிட்டா?

— நம்ம எடிட்டர் யூசுப்பு. பசிக்குதுன்னான், குடுத்துட்டேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— ஒண்ணுமில்ல.

— என்னமோ அண்ணேன்னா கெட்ட வார்த்த மாதிரி பேசுற. நீயும்தான் என்ன அண்ணேங்கிற. அதுல என்ன கொறஞ்சு போச்சு?

— நானா ஆரம்பிச்சேன்? டப்பிங் பேச வந்த மொத நாளே, அண்ணேன்னு கூப்பிடுன்னு நீங்கதான் சொன்னீங்க.

— கூச்சப்படாமப் பேசணும்னு சொன்னேன்.

— நல்லாச் சொன்னீங்க. அன்னையிலேருந்து எதையுமே பேச முடியல.

— சரி லா, கோவிச்சுக்காத. அந்த வரி வேணாம். உன் இஷ்டத்துக்குப் பேசு, பேரு சொல்லியே கூப்பிடு. உம்மாகிட்ட நான் திட்டு வாங்கிக்கிறேன். இரு, அந்த மோட்டார் பைக்கு போகட்டும்... ம், ரெக்கார்டிங் ஓடுது. பேசு.

— ஹைதர், எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. வாய்தான் அண்ணேன்னு சொல்லுச்சு. மனசு ஒரு நாளும் சொன்னதில்ல.

— நிறுத்து, நிறுத்து. பேரு மாறிப் போச்சு. கென்ஜி லா, கென்ஜி. மறுபடி எடுப்போம்.

— மாறல. மைக்க அணைச்சுட்டு, ஏர்கானப் போட்டுட்டு, பதில் சொல்லுங்க ஹைதர்.