வழி யாருடையது என்று கேட்டவள்

'இல்லை' என்று எழுத மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் மேடையேறினேன். தலைமையேற்றிருக்கும் திருமதி ஆக்கெண்டன் அவர்களே, ரப்பர் பூட்ஸோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, கேக் சுட்டு வந்த தாய்மார்களே, நாய்களை இழுத்துப் பிடித்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

வாக். நட. நம் ஆங்கிலத்தின் எளிய சொல். நாயோடு போனாலும் அந்தச் சொல். பிள்ளையைப் பள்ளியில் விட்டாலும் அந்தச் சொல். மணமகளின் கைபிடித்துப் போனாலும் அந்தச் சொல். ஆனால் ஒரு பாதையைப் பொதுப் பாதையாகப் பதிய நிலவழி அலுவலகம் தரும் படிவம் கறாரானது. ஒளியாமல், உடைக்காமல், ஒருவரையும் கேளாமல் இருபது ஆண்டு நடந்தால்தான் அது நடை. அப்போதுதான் பாதை ஊருக்கு.

த்ரெல்கெல்ட் வயல் வழியாக டாக்டரிடம் போகும் நம் பாதைக்கு, வயலை வாங்கிய புது உரிமையாளர் பூட்டுப் போட்டுவிட்டார். இருபதில் முதல் ஆறு ஆண்டுகளுக்கு நான் ஒருத்திதான் சாட்சி. நீங்கள் பிறகு குடிவந்தவர்கள். படிவம் கேட்கிறது: அனுமதி கேட்டீர்களா?

கேட்டேன். போகும்போதெல்லாம் கேட்டேன். நம்மால் கேட்காமல் இருக்க முடியுமா? நம் காலை மிதித்தவனிடம் நாமே மன்னிப்புக் கேட்கிறவர்கள் அல்லவா நாம்?

"அட வின்னி, இல்லன்னு எழுதிட்டுப் போயேன்! செத்தவரு வந்து சாட்சி சொல்லப் போறாரா?"

நார்மன், உன் நாய் திருமதி ஆக்கெண்டனின் தொப்பியைத் தின்கிறது. முதலில் அதைப் பார்.

செத்தவர் சொன்னதைத்தான் சொல்ல வந்தேன். முதல் நாள் வேலிப்படியில் நின்று கேட்டேன்: "தப்பா நெனைக்காதீங்க ஐயா, இப்படிப் போகலாமா?" வயலின் பழைய சொந்தக்காரர் ஆல்பன் த்ரெல்கெல்ட் டர்னிப் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்; குனிந்த தலை நிமிரவில்லை.

"என்னைய எதுக்கும்மா கேக்குற? வழி ஊருது. வேலிக் கதவ மட்டும் சாத்திட்டுப் போ."

மறுநாளும் கேட்டேன். மறுவாரமும் கேட்டேன். "வழி ஊருதுன்னு எத்தன தடவ சொல்றது? இன்னொரு தரம் கேட்ட, டர்னிப்பாலயே அடிப்பேன்!"

அனுமதி தந்தாரா? இல்லை. மறுத்தாரா? இல்லை. தம்மிடம் இல்லாததை எப்படித் தருவார்? எப்படி மறுப்பார்? வழி ஊருடையது என்று நிலத்துக்காரரே ஆறு ஆண்டு வாயாரச் சொன்னார். நான் கேட்கவில்லை என்று எழுதினால், அவர் பதில் சொல்லவில்லை என்றும் ஆகும். அந்தப் பதிலைப் புதைக்கவா என்னைப் பொய் எழுதச் சொல்கிறீர்கள்?

பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. கேக்குக்குத் தனியே நன்றி. வெளியே மழை, பார்த்துப் போங்கள். வணக்கம்.

வினிஃப்ரெட் பாஸ்க் மேடையிலிருந்து இறங்கினாள். படிவத்தில் 'கேட்டேன்' என்று எழுதினாள். அடியில் ஆல்பன் சொன்னதை, டர்னிப் உட்பட, எழுதிக் கையெழுத்திட்டாள்.