தம் இடத்துக்கு ஆள் தேர்ந்து தந்த மெர்ல் ஹவ்ரானெக் அவர்களுக்கு

எல்லைக்கோட்டில் ஏறென நின்றவரே! எதிரணி எண்ணுமுன் அதன் எண்ணத்தை எண்ணியவரே! பனியிலும் பாய்காற்றிலும் பின்வாங்காத, வெற்றியில் குதிக்காத, தோல்வியில் குனியாத தோன்றலே! நெப்ராஸ்கா மாநிலத்து ஹார்லன் க்ரீக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் தடுப்பாட்டப் பொறுப்பாளராய் விளங்கிப் பணிநிறைவு பெற்ற பெருந்தகை மெர்ல் ஹவ்ரானெக் அவர்களே! தங்களோடு களத்தில் நின்று நனைந்தவர்களும் உறைந்தவர்களுமாகிய நாங்கள் தங்களை வணங்குகிறோம்.

பந்தைக் கையில் ஏந்திப் பாய்ந்து வருபவனை மறித்து மண்ணில் சாய்ப்பது தடுப்பாட்டம். புள்ளி எடுத்தவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடும் உலகம், புள்ளி கொடாதவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தத் திரும்பிப் பார்க்கப்படாத பணியைத் தாங்கள் விரும்பிச் செய்தீர்கள். சோளக்காட்டிலிருந்து வந்த பிள்ளைகளைச் சுவராக்கினீர்கள். சுவராக நின்றவர்களைப் பட்டதாரிகளாக்கினீர்கள். பெரிய கல்லூரிகள் கூப்பிட்டபோது, "இங்க காப்பி நல்லா இருக்கு" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தீர்கள். எங்கள் காப்பி நன்றாக இருந்ததே இல்லை என்பது இந்த அவைக்குத் தெரியும்.

பெரியீர்! பாராட்டு மடல் என்றால் இப்படியே நற்பண்புகளை அடுக்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் சென்ற குளிர்காலத்தில் தங்கள் இடத்துக்கு ஆள் தேர்ந்தபோது நடந்ததை ஊர் ஒரு விதமாகப் பேசுகிறது. தாங்களோ வாய் திறக்கவில்லை. ஒரு கோப்பைக் காப்பிக்கு ஒரு வாக்கியம் என்று தங்களிடம் கறந்ததையும், கண்ணால் கண்டதையும் சேர்த்து இப்போது சொல்லப்போகிறோம். தங்களை நோக்கி அல்ல, அவையை நோக்கி. தாங்கள் சற்றே தரையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருங்கள்; அது தங்களுக்குப் பழக்கம்தான்.

அவையோரே! கடைசி ஆட்டத்தில் தோற்று ஊர் திரும்பிய வாரம், தாம் ஓய்வு பெறப்போவதாக மெர்ல் அறிவித்தார். தலைமைப் பயிற்சியாளர் ராய்ஸ் ஸ்டென்வால் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்க இடத்துக்கு நீங்களே ஆள் சொல்லிட்டுப் போங்க, மெர்ல். நீங்க யாரைக் கை காட்டுறீங்களோ அவர்தான்."

யாரைக் காட்டுவார் என்பதில் ஊரில் ஒருவருக்கும் ஐயமில்லை. லமான்ட் கிம்ப்ரோ ஒமாஹா நகரிலிருந்து மாணவராக வந்து மெர்லின் கீழ் ஆடியவர்; பின்னர் அவருக்கே துணைப் பயிற்சியாளராகி, கூடவே இருந்தவர். லமான்ட்டின் தந்தை இறந்தபோது சவப்பெட்டியின் ஒரு முனையை மெர்ல் தூக்கினார். மெர்லின் மனைவி டார்லீன் இறந்தபோது லமான்ட் தூக்கினார். பிள்ளை இல்லாத மெர்லுக்கு அதன்பிறகு ஞாயிறு என்றால் கிம்ப்ரோ வீட்டு மேசைதான். தேவாலயம் விட்டதும் கார் தானாகவே அந்தத் தெருவில் திரும்பும். லமான்ட்டின் மனைவி யோலண்டா சுட்ட இறைச்சியை வெட்டி வைத்திருப்பார். வாரத்தில் மற்ற ஆறு நாளும் மெர்லின் வீட்டில் பேசியது தொலைக்காட்சி மட்டும்.

முறைக்கு இருவரை நேர்காணலுக்கு அழைத்தார்கள். முதலில் லமான்ட். தோற்ற அந்தக் கடைசி ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தைத் திரையில் ஓடவிட்டு, "இங்க நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?" என்று ராய்ஸ் கேட்டார்.

லமான்ட் யோசிக்கவே இல்லை. "கோச் அன்னைக்கு என்ன சொன்னாரோ அதையேதான் சொல்லியிருப்பேன். சரியான உத்திதான் அது. பசங்கதான் லேட்டு."

மெர்லின் நெஞ்சு முதலில் குளிர்ந்தது. தன்னை இப்படி முழுசாகக் கற்றுக்கொண்ட ஒருவன் உலகத்தில் இருக்கிறானே என்று. பிறகு, தான் தோற்றதையும் சேர்த்தே கற்றிருக்கிறான் என்பது உறைத்தது.

அடுத்து வந்தவர் யூட்டா மாநிலத்தில் வளர்ந்த டோங்கா நாட்டு வம்சத்தவர், பெனி டாஃபா. நாற்காலி கொள்ளாத உடம்பு, அறை கொள்ளாத சிரிப்பு. அவருக்கும் அதே காட்சி, அதே கேள்வி. பெனி படத்தை நிறுத்தச் சொன்னார்; எழுந்து திரையின் அருகே போனார். சிரிப்பை மட்டும் நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

"பந்து கிளம்பப் போகுது. இந்தப் பதினோரு பேரும் எங்க பாக்குறாங்க?"

பதினொரு தலைக்கவசங்களும் களத்தின் ஓரத்தை நோக்கித் திரும்பியிருந்தன. அங்கே மெர்ல் நின்று கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான் பாக்குறாங்க, கோச். நீங்க சொன்னது தப்பில்ல. எதிராளி என்ன செய்யப்போறான்னு இந்த மைதானத்துலயே நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சீங்க. ஆனா நீங்க கண்டது அவங்ககிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள பந்து போயிடுச்சு." பெனி அந்தத் தலைக்கவசங்களைச் சுட்டிக்காட்டினார். "அவங்களுக்கு நீங்க கண்ணைக் குடுக்கல, கோச். உங்க கண்ணைக் கடன் குடுத்துட்டு இருந்தீங்க."

ராய்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. பெரியவர் எழுந்து போய்விடுவார் என்றே பயந்தார். மெர்ல் எழவில்லை. "அதை மறுபடி ஓட்டு" என்றார். மறுபடி ஓட்டினார்கள். "இன்னொரு தடவை" என்றார்.

பெனி போன பிறகு அந்த அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"என்ன சொல்றீங்க, மெர்ல்?"

"இந்த யூட்டாக்காரன்."

"விளையாடாதீங்க. லமான்ட் உங்க பிள்ளை மாதிரி."

"மாதிரி என்ன, பிள்ளைதான்." மெர்ல் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவனை வச்சா நான் போனதாவே இருக்காது, ராய்ஸ். என்னையே திரும்ப வேலைக்கு வச்ச மாதிரி. நான் தோத்த இடத்துலயே அவனும் தோப்பான். இங்கயே இருந்தா சாகுற வரைக்கும் என் கையைத்தான் பாப்பான். அவனும் அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தன்தான்."

"சரி. லமான்ட்கிட்ட நான் சொல்லிடறேன்."

"வேணாம். என் வாயாலதான் அவன் கேக்கணும்."

லமான்ட்டைத் தேடிப் போகும்போதே மெர்லுக்குத் தெரியும், எதை இழந்துவிட்டுத் திரும்பப்போகிறோம் என்று. லமான்ட் வீட்டு வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தார். மெர்லைக் கண்டதும் மண்வாரியை ஊன்றி நிமிர்ந்தார். முகத்தில் நற்செய்திக்குக் காத்திருக்கும் களை.

"உள்ள வாங்க கோச். யோலண்டா சூப்பு வச்சிருக்கா."

"இங்கயே சொல்லிடறேன். டாஃபாவுக்குக் குடுத்தாச்சு."

லமான்ட் சிரித்தார். மெர்ல் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

"ராய்ஸ் பண்ண வேலையா?"

"நான்."

"நீங்களா?"

"நான்தான்."

யோலண்டா ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொல்லித்தான் இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். லமான்ட்டின் குரல் உயரவில்லையாம், இறங்கியதாம்.

"இத்தனை வருஷத்துல நான் எதுல குறை வச்சேன்? அதைச் சொல்லுங்க. எதுலன்னு மட்டும் சொல்லுங்க."

"எதுலயும் இல்ல. நீ என்னைவிடப் பெரிய ஆளா வருவ. ஆனா என் பக்கத்துல நின்னா வரமாட்ட."

"நல்லா இருக்கு. அடுத்தவன் வாசல்ல நின்னு சொல்றதுக்கு ரொம்ப நல்லா இருக்கு." லமான்ட் மண்வாரியை எடுத்தார். இரண்டு தடவை பனியை வாரி எறிந்தார். திரும்பாமலே சொன்னார்: "படி சறுக்கும். பாத்துப் போங்க."

மெர்ல் பார்த்துத்தான் போனார். காரில் ஏறி வெகுநேரம் அதைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள்ளிருந்து யாரும் வரவில்லை.

பிறகு ஊர் பேசியது. முடிதிருத்தும் கடையில், "கிழவனுக்குப் பயம்யா. சிஷ்யன் தன்னைவிடப் பேர் வாங்கிட்டான்னா?" என்றார்கள். தேவாலய வாசலில், "உப்பிட்ட வீட்டுக்கே உலை வச்சுட்டாரே" என்றார்கள். அவர் காதுபடவே பேசினார்கள். மெர்ல் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டால் இவன் வளரமாட்டான் என்று ஊரறியச் சொன்னால், அது லமான்ட் போகுமிடமெல்லாம் கூடவே போகும். அவர் வேலை கேட்கும் கல்லூரியெல்லாம் கை விரிக்கும். அதனால் பழியைத் தம் தோளிலேயே வைத்துக்கொண்டார்.

இன்று நாங்கள் இதை இங்கே சொல்லத் துணிவது, லமான்ட்டுக்கு இடம் கிடைத்துவிட்டதனால்தான். வயோமிங் மாநிலத்துச் சிறு கல்லூரி ஒன்று தடுப்பாட்டப் பொறுப்பு முழுவதையும் அவரிடம் தந்தது. சென்ற ஆண்டு ஓர் ஆட்டம்கூட வெல்லாத அணி அது.

குளிர் விடுமுன்னே கிம்ப்ரோ குடும்பம் கிளம்பியது. சாமான் ஏற்றும் அன்று, அழைக்காமலே மெர்ல் கையுறையோடு போய் நின்றார். லமான்ட் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. பெரிய சோபாவின் ஒரு முனையை இவர் பிடிக்க, மறுமுனையை அவர் பிடித்தார். வாசல் நிலையில் அது சிக்கிக்கொண்டது. வேறு இருவராயிருந்தால் இப்படித் திருப்பு, அப்படித் தூக்கு என்று ஊரைக் கூட்டியிருப்பார்கள். இவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர் கை எந்தப் பக்கம் சாயும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. சோபா வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. லமான்ட் வண்டியின் கதவைச் சாத்தினார்; ஓட்டுநர் இருக்கையில் போய் ஏறிக்கொண்டார்.

யோலண்டாதான் வந்து மெர்லைக் கட்டிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை எங்க சாப்பிடுவீங்க?"

"ஏதாச்சும் கிடைக்கும்மா."

கிடைத்தது. நெடுஞ்சாலை ஓரத்து உணவகத்தில் நால்வர் அமரும் மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். சில வாரங்கள் கழித்துப் பரிமாறும் பெண், "கோச், தப்பா நினைக்காதீங்க, குடும்பமா வர்றவங்க நிக்கிறாங்க" என்றாள். அவர் தட்டைத் தாமே எடுத்துக்கொண்டு, ஒற்றை முக்காலிகள் வரிசையாய் இருக்கும் பலகைக்கு மாறிக்கொண்டார். இப்போது அதுதான் அவர் இடம். எதிரே சுவர்.

வசந்தத்தில், அணியை இரண்டாகப் பிரித்து ஊருக்கு முன் ஆடிக்காட்டும் நாள் வந்தது. மெர்ல் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்வையாளர் வாயில் வழியே உள்ளே நுழைந்தார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் படிக்கட்டில் நின்றார். தெரிந்தவர்கள் தலையசைத்துக் கடந்து போனார்கள். கடைசியில் மேல் வரிசையின் ஓரத்தில், ஆளில்லாத இடமாய்ப் பார்த்து அமர்ந்தார்.

ஆட்டம் தொடங்கியது. எதிரே பந்து அசைந்தபோது அவருடைய வலக்கை தானாக எழுந்து கழுத்துப்பட்டையைத் தொட்டது. அது பழைய சைகை. கீழே ஒருவரும் திரும்பவில்லை. களத்தோரத்தில் நின்ற பெனியைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. தமக்குள் ஏதோ கத்தினார்கள். இருவர் இடம் மாறினார்கள். ஓடி வந்தவன் புல்லில் கிடந்தான். மெர்ல் அந்தக் கையை மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆட்டம் முடியும்வரை வெளியே எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பெனி படியேறி மூச்சிரைக்க வந்தார்.

"எப்படி இருந்துச்சு, கோச்?"

"ரெண்டு தடவை தப்பு பண்ணாங்க. அவங்களே சரி பண்ணிக்கிட்டாங்க. யாரும் என்னைத் தேடல."

"அது நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான்" என்றார் மெர்ல். "எனக்குத்தான் கொஞ்சம் பழகணும்."

பெரியீர்! மீண்டும் தங்கள் பக்கம் திரும்புகிறோம்.

அன்பு வைத்தவனை அருகே அமர்த்திக்கொள்வது எல்லோர்க்கும் எளிது. அவன் வளர வேண்டும் என்பதற்காக அவனைத் தொலைத்துவிட்டு, தொலைத்த பழியையும் சுமந்து, தனித்த பலகையில் தட்டை நகர்த்திக்கொண்டு அமர்வது தங்களால் ஆயிற்று. இருபத்தொன்பது ஆண்டுகளில் தாங்கள் தடுத்த ஆட்டங்களை மற்றவர் பாடட்டும். தாங்கள் தடுக்காமல் போகவிட்ட இந்த ஒன்றை நாங்கள் பாடுகிறோம்.

இன்றைய விழாவுக்கு வயோமிங்கிற்கும் அழைப்பு விடுத்தோம். ராய்ஸே தொலைபேசியில் பேசினார். மெர்ல் ஏன் அப்படிச் செய்தார் என்பதையும் இம்முறை சொன்னார். பிறகு லமான்ட் சொன்னது இது. ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஒப்படைக்கிறோம்:

"கோபம் போயிடுச்சுன்னு பொய் சொல்லமாட்டேன். இப்ப வரமாட்டேன். ஆனா வருவேன்னு சொல்லுங்க. ஒரு ஆட்டம் ஜெயிக்கணும். அதுவும் அவர் கத்துக்குடுக்காத ஆட்டத்தை ஆடி ஜெயிக்கணும். அன்னைக்கு ராத்திரியே வண்டியை எடுத்துடுவேன்."

ஆதலால், ஐயா, நல்ல உடல்நலமும் நீண்ட ஆயுளும் தங்களுக்கு வேண்டுமென்று நாங்கள் வேண்டுவது சடங்குக்காக அன்று. அந்த வயோமிங் அணியின் ஆட்டத்தை நாங்கள் பார்த்துவிட்டோம். ஓடத் தெரியவில்லை, விழத் தெரிகிறது. அவர்கள் வெல்வது ஓராண்டில் ஆகிற காரியமாகத் தோன்றவில்லை. மருந்தைத் தவறாமல் உண்ணுங்கள். பனியில் பாதம் பார்த்து நடங்கள். நெடுநாள், நெடுநாள் வாழுங்கள்!

தங்கள் அன்பில் என்றும் மறவாத,
தலைமைப் பயிற்சியாளர் ராய்ஸ் ஸ்டென்வால்,
தடுப்பாட்டப் பொறுப்பாளர் பெனி டாஃபா,
மற்றும் பயிற்சியாளர்கள், மருத்துவ உதவியாளர்கள், களப் பணியாளர்கள்,
ஹார்லன் க்ரீக் கல்லூரி, நெப்ராஸ்கா.