பீர் லஹ்மர் கிணற்றுக்கு மின்சாரம் கொணர்ந்த மஹ்ஜூப் எம்பாரக் அவர்களுக்குப் பணி ஓய்வு வாழ்த்துமடல்

காற்றைக் கட்டி வேலை வாங்கிய கைவல்லவரே! காற்றாலையின் எண்பது மீட்டர் ஏணியை ஏசிக்கொண்டே ஏறி, இறங்கியதும் எங்களை ஏசிய எங்கள் பராமரிப்புத் தலைவரே! தங்கள்மீது சாந்தி நிலவுக!

நம் மண் தனிநாடா, வடக்கே ஆளும் அரசின் மாகாணமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மேற்குச் சகாரா என்று பெயரைச் சொன்னாலே இந்தப் பந்தலில் பாதிப்பேர் முகம் சுளிப்பர். சொல்லாவிட்டால் மீதிப்பேர் எழுந்து போவர். இப்படிப்பட்ட எங்களைப் பதினெட்டு ஆண்டுகள் ஒரே தேநீர்க் கேத்தலைச் சுற்றி உட்காரவைத்த வித்தையை எங்கே கற்றீர்கள், ஐயா!

ஆயினும் தங்களுக்கு ஒரு துயரம் இருந்தது. பீர் லஹ்மர் கிணற்றடியில் தங்கள் அக்கா சுவெல்மாவின் கூடாரம். நம் காற்றாலை மின்சாரம் அதன் தலைக்கு மேலே பாஸ்பேட் சுரங்கத்துக்குப் போக, கீழே அவர் கயிறிழுத்து ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஆறாண்டுகளுக்கு முன் தங்களை வாசலிலேயே நிறுத்தினார்.

"நீ ஓட்டுற காத்தாடி நம்ம மண்ணை அள்ளிட்டுப் போகத்தான் உதவுது, தம்பி. இந்தக் கிணத்துக்குக் கரண்ட் கொண்டாந்துட்டு வா. அதுவரைக்கும் என் கூடாரத்துல உனக்குத் தேநீர் கிடையாது."

வழிப்போக்கனுக்கே மூன்று குவளை ஊற்றும் நம்மில், உடன்பிறந்தவருக்கு ஒன்றும் இல்லையா! ஆறாண்டும் பெருநாள்தோறும் வாசலில் நின்று சலாம் சொல்லிவிட்டுத் திரும்பினீர்கள். அங்கே தேநீர் குடிக்காததற்கு வயிறு சரியில்லை என்று எங்களிடம் கதையளந்தீர்கள். நாங்களும் நம்பியதாய் நடித்தோம்.

கிணற்றுக்கு மின்னிணைப்புக் கேட்ட விண்ணப்பத்திலோ 'நிலம் யாருடையது' என்றொரு கட்டம். ஒரு தரப்பின் பெயரை எழுதினால் மறு தரப்பினர் திருப்பினர். மறு தரப்பின் பெயரை எழுதினால் முதல் தரப்பினர் திருப்பினர். வெறுமையாய் விட்டால் நிரப்பவில்லை என்று திரும்பி வந்தது. நான்காம் முறை, அக்கிணற்றில் குடிக்கும் ஒட்டகங்களின் சூட்டுக்குறியைக் கட்டம் நிறையக் கறுப்பு மையில் வரைந்தீர்கள். ஏய்க்கும் எண்ணம் ஏதுமில்லை. யாருடையது என்று கேட்டால் சூட்டைக் காட்டுவதுதானே நம் வழக்கம்! வெளியூரிலிருந்து வந்த எழுத்தரோ ஏதோ மேலிடத்து முத்திரையென்று மிரண்டு, அன்றே ஒப்பமிட்டுவிட்டார்.

சென்ற வெள்ளியன்று மோட்டார் ஓடியது. ஒட்டகங்கள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளின. தாங்களோ ஏற்கெனவே முடுக்கிய திருகையே மறுபடியும் முடுக்கிக்கொண்டிருந்தீர்கள். அக்கா ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்துப் பார்த்தார். கூடாரத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மண்ணு கணக்கு இன்னும் தீரல, தம்பி. அது வேற. நீ உள்ள வா."

தாங்கள் அழுததை எவரும் பார்க்கவில்லை என்று இங்கே அனைவரும் சாட்சி சொல்கிறோம்.

மூட்டுவலி நீங்கி, பேரப்பிள்ளைகளும் ஒட்டகப் பாலும் பெருகப் பல்லாண்டு வாழ்க! ஏணியேற நாங்கள் இனி அழைக்க மாட்டோம். அக்கா அழைத்தால் மட்டும் தாமதியாமல் போங்கள்.

இங்ஙனம்,
தங்கள் அன்பில் ஒன்றுபட்ட,
மண் யாருடையது என்பதில் இன்றும் ஒன்றுபடாத,
காற்றாலைப் பணியாளர்கள்