பீரங்கி மூடி

– இல்லக்கா, காத்து தீரல. சிலிண்டர்ல பாதிக்கு மேல இருந்துச்சு.

– அப்புறம் ஏன்டி முங்கற ஒத்திகைய பாதியில விட்டுட்டு மேல வந்த? வயித்து வலின்னு அப்பாகிட்ட கதை விட்டியாமே.

– மெதுவா பேசு... சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருக்காரு.

– அவரு குறட்டையத் தாண்டி நம்ம பேச்சு போகாது. சொல்லு. சுறாவா?

– இல்ல.

– எலும்புக்கூடு?

– ச்சீ!

– பின்ன எதுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது? தலகாணியே நனைஞ்சு போச்சு.

– அக்கா... நம்ம கப்பல் சண்டை போட்டுச்சு இல்ல?

– நல்ல கேள்வி. கடைசிக் குண்டு வரைக்கும் சுட்டுட்டுதான் மூழ்குச்சு. நம்ம படகு பேரு 'கடைசிக் குண்டு'. எதிர்ல இருக்கறது கடைசிக் குண்டு லாட்ஜ். பக்கத்துல கடைசிக் குண்டு சலூன், முடி வெட்டறதுக்கும் குண்டுக்கும் என்ன சம்பந்தமோ...

– பேர விடு. படகுல அப்பா மைக்கப் புடிச்சுக்கிட்டு முதல்ல என்ன கத்துவாரு?

– "மூடியக் கழட்டு! குண்ட ஏத்து! சுடு!" சுத்திப் பாக்க வர்ற பொடிசுங்க எல்லாம் கூடவே கத்தும். ஏன்?

– பீரங்கிக்கு எதுக்கு மூடி?

– சும்மா கெடக்கும்போது உள்ள தண்ணி போகக் கூடாதுன்னு. சண்டைன்னா முதல் வேலையே அதக் கழட்டறதுதான். என்னமோ வெளியூர்க்காரி மாதிரி கேக்குற...

– கழட்டலக்கா. ரெண்டு பீரங்கிக்கும் மூடி அப்படியே இருக்கு. பாசியச் சொரண்டிப் பாத்தேன். பித்தளை. இறுக்கினது இறுக்கினபடி. ஒரு குண்டு... ஒண்ணே ஒண்ணு கூடச் சுடலக்கா.

– உன்ன யாருடி சொரண்டச் சொன்னது?

– அக்கா! உனக்குத் தெரியுமா?

– ஆறு வருஷமா நினைவு நாளுக்கு மாலை கொண்டு போய் வச்சவ நானு. எனக்கென்ன கண்ணு இல்லையா?

– அப்பாவுக்கு?

– அவருக்கும் தெரியும். அவருக்கு முன்னாடி முங்கின பெரியப்பாவுக்கும் தெரியும். முங்கினவங்க யாரும் புத்தகம் எழுதல. புத்தகம் எழுதினவங்க யாரும் முங்கல.

– அப்ப எப்படித்தான் மூழ்குச்சு?

– நங்கூரம் போட்டு நின்னுட்டிருந்துச்சு. எல்லாரும் நல்ல தூக்கம். நீர்மூழ்கி ஒண்ணு வந்து அடிச்சுட்டுப் போயிருச்சு.

– வாசல்ல சிலையா நிக்கிற கேப்டன்? வாளத் தூக்கிக்கிட்டு...

– அவரு அன்னிக்குக் கரையில விருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. கையில வாள் இல்ல, கரண்டிதான் இருந்திருக்கும்.

– சிரிக்காத... எனக்கு அழுகை வருது.

– அழுவாத லூசு. மாலைய ஏன் பீரங்கி வாயிலயே வைக்கிறோம்? தலகாணி தண்டிக்குக் கட்டி, ஈயக் கட்டிய உள்ள வச்சு அமுக்கிட்டா மூடி வெளிய தெரியாது. எல்லாம் நாளைக்குக் காலையில சொல்லலாம்னு இருந்தேன். இந்தக் காது சவ்வு கிழியாம இருந்திருந்தா நானே முங்கியிருப்பேன், நீ பாட்டுக்குக் கரையில நின்னு கை தட்டியிருப்ப.

– நாளைக்கு நம்ம மாலை இல்லக்கா. அமைச்சர் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கு. சாயந்தரம் பாத்தேன். வளையம் மாதிரி இருக்கு.

– வளையம்னா?

– நடுவுல ஓட்டை.

– எவ்ளோ பெரிய ஓட்டை?

– மூடி அளவு.

– அடக் கடவுளே! இந்த வருஷம்தான் புதுசா உன் கையில கேமரா வேற... கரையில திரை கட்டி அப்படியே காட்டப் போறாங்க, அமைச்சர், ஸ்கூல் பசங்க, டிவிக்காரங்க...

– போட்டோவுக்கு ப்ரேம் போட்ட மாதிரி தெரியும்க்கா.

– வாய மூடு. யோசிக்க விடு. லாட்ஜு, சலூன், நம்ம படகு... இந்தத் தெருவே அந்தக் கப்பல் மேலதான்டி நிக்குது. அப்பாவுக்கு வேற என்ன வேலை தெரியும்? இரு... கிடைச்சிருச்சு! நடுவுல கொடியத் திணி. ஓட்டை தெரியாம நல்லா அடைச்சுத் திணி. கொடிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எவனும் கேக்க மாட்டான்.

– முடியாதுக்கா.

– என்ன முடியாது? கொடி எடுத்துக் குடுக்கறது என் பொறுப்பு.

– ஒருத்தர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்.

– டிவிக்காரன்கிட்டயா? அடிப்பாவி, போட்டுக் குடுத்துட்டியா?

– தாத்தாகிட்ட.

– நம்ம தாத்தாவா? அந்தக் கப்பல்ல மிஞ்சின ஒரே ஆளு, அதுவும் பேசறதையே விட்டுட்ட ஆளு. வருஷா வருஷம் மெடலக் குத்தி முன் வரிசையில உக்கார வச்சா, பேச்சு ஆரம்பிக்கறதுக்குள்ள தூங்கிருவாரு.

– தூங்கறதில்லக்கா. கண்ண மூடிக்கிறாரு... கேக்க முடியாம.

– அவரே சொன்னாரா?

– படகுல இருந்து எறங்கினதும் என் கையப் புடிச்சுப் பாத்தாரு. நகத்துல எல்லாம் பித்தளைப் பச்சை. "சொரண்டினியாம்மா?"ன்னாரு. அப்புறம், "கூடப் படுத்திருந்தவனுங்க எல்லாம் உன் வயசு. ஒருத்தனும் கண்ணு முழிக்கல. வீரனுங்கன்னு சொல்றாங்க... பாவம், அவனுங்களுக்குப் பயப்படக் கூட நேரமில்ல"ன்னாரு.

– எத்தனை வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன்... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

– நீ பூ வச்சு மூடினத அவரும் திரையில்லாமலே மனசுக்குள்ள பாத்துக்கிட்டுதான்க்கா இருந்திருக்காரு.

– குத்தாத. என்ன வாக்கு குடுத்த, அதச் சொல்லு.

– "நாளைக்கு மைக்க வாங்கி நானே சொல்லிர்றேன்... நீ அந்த மூடியில இருந்து கேமராவ எடுக்காத"ன்னாரு.

– அதான் இப்படி வேர்க்குதா? ஊரு என்ன சொல்லும், அப்பா என்ன செய்வாருன்னு...

– அதெல்லாம் இல்லக்கா. நீ ஆறு வருஷம் அந்த மூடி முன்னாடி ஆடாம நின்னவ... சொல்லிக் குடு. அவரு பேசி முடிக்கறதுக்குள்ள என் கை ஆடிருமோன்னுதான் பயமா இருக்கு.