ஆஸ்பத்திரிச் சீட்டில் இரண்டு எழுத்து

கோபத்தோடு வந்தவனையும் கைகாட்டி மேடையேற்றிய அவைத்தலைவர் கோதண்டராமன் அவர்களே! வடக்குப்பட்டிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே! பிள்ளையை மடியில் வைத்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து நிற்கும் தோழர்களே! வணக்கம்.

நம் ஒரகடம் வாசகர் வட்டத்தின் ஆண்டு மலரை வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். வாழ்த்த வாய் வரவில்லை! நாற்பத்திரண்டாம் பக்கம் நெஞ்சில் நெருப்பாய் நிற்கிறது!

பிரஸ் மெஷினில் இரண்டு விரல்களை இழந்தாள் நம் சந்தனமாரி. அந்தப் பக்கம் என்ன சொல்கிறது? “ஆசைப்பட்டு ஓவர்டைம் பார்த்தாள், அசதியில் கையை விட்டாள் என்று கூறப்படுகிறது.” ஆதாரம்? ஆஸ்பத்திரிச் சீட்டாம்! அதில் “ஓ.டி. 4.30” என்று இருக்கிறதாம்!

என்ன தம்பி? “ஓ.டி.ன்னா ஓவர்டைம்தாம்பா, வேற இன்னா?” என்கிறீர்களா? கம்பெனி போர்டில் ஓவர்டைம்தான். ஆஸ்பத்திரிச் சீட்டில் அது ஆபரேஷன் தியேட்டர் ஐயா, ஆபரேஷன் தியேட்டர்! அவளை உள்ளே கொண்டுபோன நேரம் அது!

விபத்து நடந்தது காலை பத்தேகாலுக்கு, அவளுடைய வழக்கமான ஷிப்ட் நேரத்தில். ஆம்புலன்ஸ் வெளியேறிய நேரம் கேட் ரிஜிஸ்டரில் இருக்கிறது. பார்த்தாரா எழுதியவர்? கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார் வேலை செய்யவில்லை என்கிறாள் பக்கத்து மெஷினில் நின்ற சுகப்பிரியா. கேட்டாரா அவளை? கூறப்படுகிறதாமே, கூறியவர் யார்? அவருக்குப் பெயர் இல்லையா? ஊர் இல்லையா?

இன்று கம்பெனி விசாரணையில் அந்தப் பக்கத்தை நகலெடுத்து நீட்டுகிறார்கள். “உங்க ஆளுங்களே எழுதிகிறாங்களே, அந்தப் பொண்ணு மேலதான் தப்புன்னு!” சந்தனமாரியின் வேலையும் நஷ்டஈடும் அந்த இரண்டு எழுத்தில் தொங்குகின்றன.

எழுதியவன் யார் என்று கேட்கிறீர்களா? கத்தாதீர்கள், சொல்கிறேன். பெயர் போடாமல் அதை எழுதியவன் அருள்பாண்டி. உங்கள் முன் நிற்கும் இந்த நான்தான்!

நேற்று அவள் அறை வாசலில் போய் நின்றேன். “ஏண்ணே, ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?” என்றாள். மன்னிப்புக்கூடக் கேட்காமல் திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை மறுபடியும் விசாரணை. நான் எழுதியது தவறு என்று கையெழுத்திட்டு அந்த மேசையில் வைப்பேன். சுகப்பிரியா சாட்சி சொல்ல வருகிறாள். கேட் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி நீங்களும் கம்பெனி வாசலில் நின்று கேட்க வேண்டும். வருவீர்களா? சத்தமாகச் சொல்லுங்கள், வருவீர்களா?

என் கோபத்தைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி. மூன்றாம் வரிசையில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருக்கும் தங்கை சந்தனமாரிக்கு, பத்து விரலும் முழுசாக இருக்கும் இந்தக் கைகளைக் கூப்பி என் வணக்கம்.